கஸ்பாரின் படகில் நின்ற ஒயின்

கஸ்பாரின் படகு கஸ்பார் இல்லாமல் பெரியநாயகித்துறைக்குத் திரும்பி வந்து, அவர் எப்போதும் ஏற்றி நிறுத்துகிற அதே மணலில், பழகிய மாடு தொழுவத்துக்கு வருவதுபோலத் தானாக ஏறி நின்ற காலையில், அதற்குள் முழங்கால் அளவுக்கு ஒயின் நின்றது. முதலில் எல்லாரும் ரத்தம் என்று நினைத்தார்கள், பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழவும் தொடங்கிவிட்டார்கள். பிறகு காற்று திரும்பி, கிறிஸ்துமஸுக்கு வீட்டு மூலையில் ஜாடியைத் திறக்கும்போது வருகிற அந்தப் புளித்த திராட்சை மணம் கரை முழுக்கப் பரவ, அழுகை ஒவ்வொரு வாயாக நின்று, கடைசியில் கஸ்பாரின் மனைவி பிரகாசி ஒருத்தி மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் வராமல் படகு மட்டும் வந்தால், அவனுடைய மனைவி தன் வாயால் 'ஏறலாம்' என்று சொல்லும்வரை அதில் யாரும் கால் வைக்கக் கூடாது, பங்குச்சாமியானாலும் சரி, போலீஸானாலும் சரி. அதனால் ஊர் படகைச் சுற்றி நின்று, நீளக் காம்பு கட்டிய சிரட்டை அகப்பையால் வெளியிலிருந்தபடியே ஒயினை மொண்டு மொண்டு ஊற்றியது. எவ்வளவு மொண்டாலும் முழங்கால் அளவு முழங்கால் அளவாகவே நின்றது. மதியத்துக்குள் கரையில் கிடந்த கோழிகள் எல்லாம் போதையில் சரிந்துவிட்டன, நாய்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்கின, ஊரும் மொண்டு கொட்டுவதைக் கைவிட்டுவிட்டுக் கொஞ்சம் குடித்துப் பார்த்தது. ஊர்க்காரர்கள் யார் குடித்தாலும் அது வெறும் புளித்தண்ணியாகத்தான் இருந்தது. இதற்கா இவ்வளவு என்று துப்பிவிட்டு வலை உலர்த்தப் போனார்கள்.

மறுநாள் பங்குச்சாமி வந்து, கொடியில் காய்த்த திராட்சையின் சாறாக இருந்தால்தான் பூசைக்கு ஆகும், படகில் காய்த்தது ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்து மதுவிலக்கு போலீஸ் வந்தது. ஊறல் இல்லை, அடுப்பு இல்லை, விற்றவர் இல்லை, வாங்கியவர் இல்லை, யார் மேல் கேஸ் போடுவது என்று அவர்கள் தலையைச் சொறிந்து, ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊர் எல்லையில் சிலுவை நட்டிருக்கிற குருசடியைத் தாண்டியதும் பாட்டிலுக்குள் இருந்தது வெறும் உப்புத்தண்ணீராக மாறிவிட்டது. அதோடு சட்டம் ஊரை விட்டுப் போனது. அந்த ஒயினைக் குடிக்க வேண்டுமானால் குடிப்பவர்தான் ஊருக்குள் வர வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெளிவாயிற்று.

கஸ்பார் என்ன ஆனார் என்பதுதான் யாருக்கும் தெளிவாகவில்லை, அல்லது தெளிவாகாமல் எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். படகின் விலாவில் ஒரு கை நீளத்துக்கு உரசிய தடம் இருந்தது, பெரிய விசைப்படகு இடித்தால் விழுகிற தடம். அந்த ஊரில் விசைப்படகு வைத்திருந்தவர் ஊர்க் கமிட்டித் தலைவர் ஸ்தனிஸ்லாஸ் ஒருவர்தான். எந்நேரமும் வாயில் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டு, எதிரில் நிற்பவன் பேசி முடிக்கும்வரை அதை மென்றுகொண்டே காத்திருக்கிற மனிதர். கரையை ஒட்டிச் சின்ன வலைக்காரர்கள் தொழில் செய்கிற இடத்தில் அவருடைய விசைப்படகு வந்து மடிவலை போட்டு அடியோடு அரித்துக்கொண்டு போகிறது என்று கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவர் கஸ்பார். சொன்ன அதே மாதத்தில் அவருடைய படகு தனியாக வந்தது. கமிட்டி விசாரித்தது. யாராவது பார்த்தீர்களா என்று தலைவரே கேட்டார். விசைப்படகில் வேலை செய்கிற ஊர்ப் பையன்கள் தரையைப் பார்த்தபடி, "காணல" என்றார்கள். வாயால் சொல்லச் சாட்சி இல்லை, காற்று அடித்திருக்கும் என்று முடித்தார்கள். பிரகாசிக்குத் தெரியும். தெரிந்து என்ன, ஒரு வாய் வேண்டும். தன் புருஷனுக்கு என்ன நடந்தது என்று ஒரே ஒரு வாய் உரக்கச் சொல்லிவிட்டால் போதும், அதற்கப்புறம் செய்ய வேண்டியதைச் செய்துகொள்ளலாம் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மீன்கூடை சுமந்தாள்.

அந்த வாயைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஸ்தனிஸ்லாஸ்தான் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊருக்குள் ஒயின் ஊறுவதைச் சும்மா விடுவாரா மனிதர். நகரத்து டூர் கம்பெனி ஒன்றிடம் பேசி, ஒருநாள் சுற்றுலா ஏற்பாடு செய்தார். காலையில் தேரிக்காட்டுச் செம்மண் மேடுகள், பிறகு கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து கடல் பார்த்தல், மதியம் மீனவக் கிராமத்தில் மீன் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பின் ஒயின் ருசி பார்த்தல், சாயங்காலம் வீடு. படகு பிரகாசியுடையது, ஆகவே மொண்டு ஊற்றும் வேலை பிரகாசிக்கு. அவள் மறுப்பாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவள் ஒரு வெள்ளைச் சேலையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்து அகப்பையோடு நின்றாள்.

பஸ்ஸோடு வந்த வழிகாட்டிப் பெண் பூரணி, ஒயின் குடிப்பதைப் பற்றி எங்கோ போய் முறையாகப் படித்தவள். கால்களில் செம்மண் அப்பியிருந்த பயணிகளை அரைவட்டமாக நிறுத்தி, "கிளாஸை மெதுவா சுழற்றுங்க, முகர்ந்து பாருங்க, கொஞ்சமா வாயில வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடுங்க. என்ன ருசி தெரியுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்க. தப்பு சரி எதுவும் இல்லை" என்றாள்.

முதலில் கண்ணை மூடியவர் ஒரு பாங்க் அதிகாரி. "கிராம்பு" என்றார். "நல்லா காரமா, கடைவாய்ப் பக்கம் ஒரு கிராம்பு."

பிரகாசியின் கையிலிருந்த அகப்பை மணலில் விழுந்தது. போகிற அன்று கஸ்பாருக்குக் கடைவாயில் பல்வலி. சீரகமும் மல்லியும் இருந்த டப்பாவிலிருந்து கிராம்பைத் தேடி எடுத்து அந்தப் பல்லில் வைத்து அனுப்பியவள் அவள்தான். அது அவளையும் கஸ்பாரையும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் வந்தது, ஒவ்வொரு பஸ்ஸும் கஸ்பாரின் கடைசிக் காலையிலிருந்து ஒரு வாய் கொண்டுவந்தது. ஊர்க்காரர்களுக்கு வெறும் புளிப்பாக இருந்த ஒயின் வெளியூர் நாக்கில் விரிந்தது. சாளைக் கருவாடும் பழஞ்சோறும் என்றாள் ஒரு கல்லூரிப் பெண், ஒயினில் இப்படி ஒரு ருசியா என்று மூக்கைச் சுருக்கிக்கொண்டே. டீசல் புகை என்றார் ஒருவர். சட்டைப் பொத்தான், பல்லில் கடித்துப் பிய்த்த பொத்தான் என்றார் இன்னொருவர். பொத்தானைப் பிய்த்துச் சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டித் தூக்கிக் காட்டியிருக்கிறார் என்று பிரகாசி அதை நெஞ்சுக்குள் கோத்துக்கொண்டாள். ரத்தம், உதட்டில் அடிபட்டால் ருசிக்கிற ரத்தம் என்றது ஒரு வயதான குரல். பயணிகள் சிரித்துப் பேசி, படம் எடுத்து, பொரித்த மீனுக்கு எலுமிச்சை கேட்டார்கள். பிரகாசி ஒவ்வொரு கிளாஸையும் தானே கழுவினாள். ஒருநாள் மட்டும், புதிதாகக் கல்யாணமான ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு, "என்னன்னு தெரியல, யாரையோ நினைச்சா வாய் இனிக்குமே, அப்படி இருக்கு" என்று சொன்னபோது, அவள் படகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சேலைத்தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள். அன்று அவளுக்குக் கோபம் இன்னும் கூடிவிட்டது.

ஊர் இதைக் கவனித்தது. சனிக்கிழமைகளில் படகைச் சுற்றி, வேலை இருப்பதுபோலக் கயிறு முறுக்கிக்கொண்டும் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டும் ஊரே நின்றது. யார் என்ன சொல்கிறார்கள் என்று காது நீண்டது. விசைப்படகில் வேலை செய்த பையன்களின் தாய்மார்கள் ஒவ்வொரு ருசிக்கும் ஒரு ஜெபமாலை மணியை உருட்டினார்கள். ஸ்தனிஸ்லாஸ் மட்டும் ஒருநாளும் அந்த ஒயினில் விரலைக்கூட நனைக்கவில்லை, ஏலக்காயை மென்றுகொண்டு தூரத்தில் நின்றார்.

இதற்கிடையில் ஒரு மதியம், பஸ் போனபிறகு, அடியில் எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்று பார்க்க, பிரகாசி கஸ்பாரின் ஈயக்குண்டைத் தூண்டில் கயிற்றில் கட்டிப் படகுக்குள் விட்டாள். முழங்கால் ஆழத்தில் நிற்க வேண்டிய குண்டு நிற்கவில்லை. அது போய்க்கொண்டே இருந்தது. சுற்றி வைத்திருந்த கயிறு முழுவதும் அவிழ்ந்து கைக்கு வந்து நின்றது, அடி தட்டவில்லை. வீட்டுக்குப் போய் இன்னொரு சுருள் கொண்டுவந்து முடிந்து விட்டாள். ரொம்ப நேரம் கழித்துக் குண்டு மெத்தென்று எதிலோ உட்கார்ந்தது. இழுத்து எடுத்தபோது அதில் கறுத்த சேறு ஒட்டியிருந்தது, கரையிலிருந்து எட்டாத தூரத்தில் ஆழ்கடலில் மட்டும் இருக்கிற சேறு. அவள் அதைக் கழுவினாள், கயிற்றைச் சுற்றினாள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மழைக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை, ஓய்வுபெற்ற டிராயிங் டீச்சர் ஒருவர் வந்தார். தடித்த கண்ணாடி, தோளில் துணிப்பை. ஒயினை வாயில் வைத்தவர் சட்டென்று சிரித்தார். "பென்சில். பிள்ளைங்க எல்லாம் பின்பக்கம் கடிப்பாங்களே, அந்தப் பெயின்ட் ருசி. நானும் கடிச்சிருக்கேன். மஞ்சள் பென்சில்தான், சந்தேகமே இல்ல. கூடவே நைலான் கயிறு."

கயிறு முறுக்கிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் கையிலிருந்த நுனியைத் திருப்பிப் பார்த்தார்கள். அந்த ஊரில் கயிற்று நுனி பிரியாமல் இருக்க ஒவ்வொரு படகுக்காரரும் தன் படகின் பெயின்டில் நுனியை முக்கி எடுத்து வைப்பார், யார் கயிறு என்பதற்கும் அதுதான் அடையாளம். மஞ்சள் ஸ்தனிஸ்லாஸின் நிறம். கஸ்பார் அந்த நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார். அப்படியானால் கயிறு எறியப்பட்டிருக்கிறது. பிரகாசி டீச்சருக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றி, "இன்னும் ஒரு வாய் குடிங்கம்மா. அதுக்கு மேல என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

டீச்சர் குடித்தார். அவருடைய முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "இது ருசி இல்லம்மா. இறுக்கமா இருந்தது தளர்ந்துபோன மாதிரி. அந்தப் பக்கம் பிடிச்சிருந்த யாரோ வேணும்னே கையை விட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லி, கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கரையில் கொலையைக்கூடப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள், ஆனால் கடலில் கயிறு கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் முதலில் கயிறு, கரைக்கு வந்தபிறகு சண்டை. எறிந்த கயிற்றை, பிடித்தவன் முகத்தைப் பார்த்துவிட்டு விடுவது என்பது அந்த ஊரில் யாரும் கேள்விப்படாத ஒன்று.

மறுநாள் பூசை முடிந்ததும் பிரகாசி கமிட்டிக் கூட்டத்துக்குப் போய் நடுவில் நின்றாள். "வாயால சொல்லச் சாட்சி இல்லைன்னிய. இப்ப பஸ் பஸ்ஸா சொல்லியாச்சு" என்றாள்.

"குடிச்சவன் நாக்கெல்லாம் சாட்சியா பிரகாசி?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"பூசையில நன்மை வாங்குத நாக்குதான அண்ணே. அந்த நாக்குல ஆண்டவரே வந்து இருக்காருன்னு நம்புதிய. எங்க வீட்டுக்காரவிய இருக்கக்கூடாதா?"

பங்குச்சாமி மின்விசிறியைப் பார்த்தார். கமிட்டிக்காரர்கள் பங்குச்சாமியைப் பார்த்தார்கள். அடுத்த சனிக்கிழமை இன்னொரு நாக்கு இன்னும் என்ன சொல்லுமோ, கயிற்றைப் பிடித்திருந்தவர் ஒருவர் என்றால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார் யார் என்று சொல்லுமோ, அவர்கள் எல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகளோ என்று ஊர் பயந்தது. பயந்தால் ஊர் ஒன்றாகிவிடும். நாள்பட்ட ஒயின் உடம்புக்கு ஆகாது, ஈ மொய்க்கிறது, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொல்லி, படகின் அடித்தக்கையைப் பிடுங்கி ஒயினை வடித்துவிடுவது என்று ஒரே குரலில் முடிவு செய்தார்கள். முடிவு செய்தபிறகுதான், தக்கை படகுக்கு உள்ளே இருக்கிறது, உள்ளே கால் வைக்கப் பிரகாசி வாய் திறக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஏறலாம்" என்றாள் பிரகாசி. கூட்டத்தில் பெருமூச்சு கேட்டது. "ஆனா ஸ்தனி அண்ணன் மட்டும்தான் ஏறணும். ஊருக்குத் தலைவரு. வேற ஆளு கால் அதுல படக்கூடாது."

ஸ்தனிஸ்லாஸின் வாயில் ஏலக்காய் ஒரு நிமிஷம் நின்றது. மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். முழங்கால் ஆழத்துக்குப் பயந்தான் என்று ஊர் சிரிக்கும், அதைவிட, ஏன் பயந்தான் என்று ஊர் யோசிக்கும். "அதுக்கென்ன" என்றார்.

சனிக்கிழமை, பயணிகள் கிளாஸ் எடுக்குமுன் வடித்துவிட ஊர் கூடியபோது, பஸ்ஸும் வந்திருந்தது. கடைசியாக ஒருமுறை ருசி பார்க்கலாம் என்று பூரணி கூட்டி வந்தவர்கள், கால்களில் செம்மண்ணோடு அரைவட்டமாக நின்றார்கள். வடிகிறபோது படகு புரளாமல் இருக்க, விசைப்படகுப் பையன்கள் மஞ்சள் நுனிக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவி லூர்தாளிடம் கொடுத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், விலாவிலிருந்த அந்த உரசல் தடத்தின்மேல் கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். முழங்கால் நனைய வேண்டிய இடத்தில் தலை நனைந்தது.

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. மணலில் உலர்ந்த வலைகளுக்கு நடுவே, ஆட்டுக்குட்டிகள் மேய்கிற இடத்தில், நான்கு பேர் தூக்கக்கூடிய ஒரு ஃபைபர் படகுக்குள் ஒருவர் முங்கிப்போய், மூச்சு முட்டி மேலே வந்து, விளிம்பைப் பிடிக்கக் கையை நீட்டினால் அது எட்டாமல், "கயிறு! கயிறு!" என்று கத்தினார். கை எட்டும் தூரத்தில்தான் எல்லாரும் நின்றார்கள். அவர் நடுக்கடலில் இருந்தார்.

பையன்கள் கயிற்றோடு ஓடி வந்தார்கள். பிரகாசி கையை நீட்டி, "கொண்டா" என்றாள். படகு அவளுடையது, வேறு யார் காலும் அதில் படக் கூடாது என்று சொன்னவளும் அவள்தான். கொடுத்தார்கள். அவள் மஞ்சள் நுனியை எறிந்தாள், நன்றாகவே எறிந்தாள். ஸ்தனிஸ்லாஸ் பிடித்து, கையில் சுற்றி, சுற்றியது வழுக்க, பல்லால் கடித்தார். கயிறு இறுகியது. அவருடைய பாரம் முழுவதும் அவள் கைக்கு வந்தது.

"கயித்த வாயிலேருந்து எடுத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். "அவிய கடைசியா என்ன சொன்னாவ? ருசி எல்லாம் வந்துட்டு. பேச்சு மட்டும் எந்தக் கிளாஸ்லயும் வரல."

"இழு பிரகாசி. கும்பிடுதேன், இழு."

"என்ன சொன்னாவ?"

ஸ்தனிஸ்லாஸ் கரையைப் பார்த்தார். மனைவியை, பையன்களை, பங்குச்சாமியைப் பார்த்தார். "ஸ்தனி அண்ணேன்னான்" என்றார். "அண்ணே, புடிச்சிட்டேன், இழுங்கன்னான்."

அதுதான் அவளுக்கு வேண்டியிருந்த வாய். ஊர் முழுவதும் கேட்டது.

"சரி அண்ணே" என்று சொல்லி, பிரகாசி இரண்டு கைகளையும் விரித்தாள்.

கயிறு சரசரவென்று விளிம்பில் உரசி உள்ளே போய் மறைந்தது. ஒயின் ஒருமுறை சுழித்து அடங்கியது. பயணிகள், இது நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து, எப்படிச் செய்தார்களோ என்று வியந்து கை தட்டினார்கள். பூரணி மட்டும் தட்டவில்லை. அவர்கள் தட்டி முடிப்பதற்குள் ஒயின் வற்றத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் படகின் வெள்ளைத் தரை வெயிலில் காய்ந்து கிடந்தது. தக்கை தன் துளையில் பத்திரமாக இருந்தது. வேறு எதுவும் அதில் இல்லை.

கமிட்டி அன்றே கூடி, நனைந்த கயிறு, பெண்பிள்ளை கை, வழுக்கிவிட்டது என்று முடிவு சொன்னது. ஸ்தனிஸ்லாஸுக்காகக் காணாமல் இருந்த அதே கண்கள் இப்போது இவளுக்காகவும் காணாமல் இருந்தன. இதற்குப் பெயர் இரக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. பிரகாசி அவர்களுக்கு நன்றி சொல்லவில்லை. அவள் படகைக் கழுவி, விலாவிலிருந்த உரசலைப் பூசி அடைத்து, வேலைக்குப் போகிற ஒருவருக்குப் பங்குக்கு விட்டாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போனபிறகு ஒரு காலையில், கடலுக்குள் நீண்டிருந்த ஊர்த் துறைப் பாலத்தில் கட்டிக்கிடந்த ஸ்தனிஸ்லாஸின் விசைப்படகில், மீன் அறை முழுக்க ஒயின் நின்றது. முந்தியதைவிடப் பெரிய படகு, முந்தியதைவிட நிறைய. ஊர் அதிசயப்படவில்லை, கொஞ்சம் நிம்மதிகூடப் பட்டது. பஸ் மறுபடி வந்தது, தேரிமேடு, கலங்கரை விளக்கம், மீன் சாப்பாடு எல்லாம் பழையபடி. லூர்தாள் யாரையும் ஏற விடாமல், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, பாலத்திலிருந்தபடியே நீள அகப்பையால் மொண்டு ஊற்றினாள்.

முதல் கிளாஸ் குடித்தவர் ஏலக்காய் என்றார். அடுத்தவர் கயிறு என்றார், அதற்கடுத்தவர் ஏதோ பெயின்ட் என்றார். மீன்கூடையோடு அந்தப் பக்கம் வந்த பிரகாசி நடப்பதை நிறுத்தி நின்றாள். கண்ணை மூடியிருந்த ஒரு பெண், "யாரோ கையை விட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

"வழுக்கிருக்கும்" என்று கமிட்டிக்காரர் ஒருவர் அவசரமாகச் சொன்னார். ஊர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

"இல்லங்க. வழுக்கல" என்றாள் அந்தப் பெண், கண்ணைத் திறக்காமலே. "விட்டதுதான்."

லூர்தாள் அகப்பையைப் பிடித்தபடி பிரகாசியைப் பார்த்தாள். பிரகாசி கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பாலத்தில் ஏறி வந்து, அவளுக்கு நேராக நின்றாள்.

"மைனி, இத சொல்ல நீங்க ஊர் ஊரா ஆள் கூட்ட வேண்டாம்" என்றாள். "நான்தான் விட்டேன்."